ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவும்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டவுடன், 'செயற்கை நுண்ணறிவு வரமா, சாபமா?' என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தத் தலைப்பில் பட்டிமன்றம் நடத்தி நடத்தி நமக்கே அலுத்துப் போய்விட்டது. அதனால் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வேலைப் பட்டியல் வைத்துக்கொள்ள உதவும் மென்பொருளை ஏ.ஐ. ஏஜென்ட் ஒன்று சரியாகப் பயன்படுத்த வேண்டுமானால், அதற்குக் குறிப்பு எழுதித் தர வேண்டும். அதை எப்படி எழுதுவது? யார் எழுதுவது? இதுதான் என் கேள்வி.

"இதுல என்னப்பா இருக்கு, ஒரு பக்கம் டைப் பண்ணி வெச்சா முடிஞ்சது" என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், எங்கள் பிராஜெக்டில் அடி வாங்கும் வரை!

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பேட்ச்சில் ஐந்து பேர். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் அளவு குறைந்தால் மோட்டாரைத் தானே போட்டு, நிறைந்தால் தானே நிறுத்தும் கருவி. புதுசு ஒன்றுமில்லை, வருஷா வருஷம் யாராவது ஒரு பேட்ச் செய்வதுதான். ஐந்து பேர் வேலையையும் கணக்கு வைத்துக்கொள்ள டாஸ்க்வாரியர் என்ற மென்பொருளை லேப் கம்ப்யூட்டரில் போட்டோம். 2008-இல் வெளிவந்த, காசு கொடுக்கத் தேவையில்லாத மென்பொருள். கறுப்புத் திரையில் கமாண்ட் அடித்தால் வேலையைச் சேர்க்கும், பட்டியல் காட்டும், முடிந்ததை எடுத்துவிடும். புரோகிராம் எழுத ஒரு ஏ.ஐ. ஏஜென்ட்டையும் அதே கம்ப்யூட்டரில் வைத்திருந்தோம். 'பட்டியலைப் பார், புரோகிராம் வேலையை முடி, முடிந்ததும் பட்டியலில் குறித்துவிடு' என்பதுதான் அதற்கு நாங்கள் கொடுத்த கட்டளை.

காலையில் ஏஜென்ட் பட்டியலைப் படித்தபோது புரோகிராம் வேலைக்கு எண் 5. அதற்கடுத்த 6-ஆம் எண், ரிலே போர்டில் 230 வோல்ட் பக்கமும் 5 வோல்ட் பக்கமும் எங்காவது தொட்டுக்கொண்டிருக்கிறதா என்ற சோதனை. மதியம் எங்களில் ஒருவன் இன்னொரு திரையில் 2-ஆம் எண் வேலையை முடித்ததாகக் குறித்துவிட்டு, பட்டியலை ஒருமுறை பார்த்தான். அவ்வளவுதான். பட்டியலைப் பார்க்கும்போது டாஸ்க்வாரியர் முடிந்த வேலைகளைக் கழித்துவிட்டு, மீதிக்குப் புதிதாக எண் போடும். 5 என்பது 4 ஆனது, 6 என்பது 5 ஆனது. ஏஜென்ட்டுக்கு இது தெரியாது. சாயங்காலம் தன் வேலையை முடித்துவிட்டு, காலையில் பார்த்த எண்ணை வைத்தே '5 முடிந்தது' என்று கமாண்ட் கொடுத்துவிட்டது. பட்டியலிலிருந்து போனது எது? யாருமே தொடாத ரிலே சோதனை!

ரிவியூவுக்கு முந்தைய நாள் மோட்டாருக்கு லைன் கொடுக்கப் போகும்போது, எங்கள் பேட்ச் தோழி கேட்டாள்: "ரிலே போர்டு டெஸ்ட் பண்ணது யாருப்பா?" ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "லிஸ்ட்ல முடிஞ்சதுன்னுதானே இருக்கு" என்றான் ஒருவன். "லிஸ்ட்ல இருக்கு. பண்ணது யாரு?" என்று அவள் விடவில்லை. மல்டிமீட்டரை வைத்தால் 'பீப்' அடிக்கிறது. ஒரு வயரின் ஒற்றை இழை பிரிந்து அந்தப் பக்கம் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் மட்டும் கேட்காமல் விட்டிருந்தால், 230 வோல்ட் எங்கள் கைக்கு வந்திருக்கும்.

கோபம் வந்தது. முதலில் ஏஜென்ட்டைத் திட்டினோம். பிறகு மென்பொருளைத் திட்டினோம். பிறகு மேனுவலைப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் எழுதியிருக்கிறது. எண் மாறும், அது கைக்கு வசதியாக இருப்பதற்காகப் போட்ட எண். ஒவ்வொரு வேலைக்கும் யூ.யூ.ஐ.டி. என்று மாறாத நீளமான அடையாளம் ஒன்று தனியாக உண்டு. அது மட்டுமா? வேலையை முடித்ததாகக் குறித்தவுடன், எந்த வேலை முடிந்தது என்று பெயரோடு ஒரு வரி பதிலும் திரையில் வந்திருக்கிறது. அதைச் சரிபார்க்கச் சொல்லி யாரும் ஏஜென்ட்டுக்கு எழுதி வைக்கவில்லை. ஆக, குற்றவாளி நாங்கள் ஐந்து பேரும்தான்.

நண்பர்களே, இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று நமக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். பாலிடெக்னிக் மாணவனுக்கு அது பெருமையும்கூட. கை வேலை தெரிந்தவன் நாம், ஏடு எதற்கு? ஆனால் ஏஜென்ட்டின் நிலைமையைப் பாருங்கள். அதற்குக் கையும் இல்லை, லேப்பில் மூன்று வருஷம் நின்ற அனுபவமும் இல்லை. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும், குறிப்பு வைத்திருந்தால் தவிர, நேற்று நடந்தது நினைவில் இருப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த முதலாமாண்டுப் பையனாவது, "அண்ணா, இது அஞ்சா நாலா?" என்று கேட்பான். ஏஜென்ட் பெரும்பாலும் கேட்காது. தெரிந்த மாதிரியே செய்துவிட்டுப் போய்விடும். அதற்குக் கிடைப்பதெல்லாம் ஏட்டில் உள்ளதுதான். அந்த ஏட்டை நாம் ஒழுங்காக எழுதினால்தான் கறி வேகும்.

அப்படியானால் அந்த ஏட்டில் என்ன இருக்க வேண்டும்? அடி வாங்கிய அனுபவத்தில் எங்கள் பேட்ச் எழுதி வைத்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, அடையாளம். வேலையை எண்ணால் குறிக்காதே, யூ.யூ.ஐ.டி.யால் மட்டுமே குறி. முடித்ததாகப் போட்டபின் வரும் பதிலில் உள்ள பெயரைப் படித்து, நீ செய்த வேலைதானா என்று சரிபார். இல்லையென்றால் உடனே நிறுத்திவிட்டு எங்களிடம் சொல்.

இரண்டாவது, படிக்கும் முறை. நமக்குக் காட்டும் பட்டியல் கலர் கலராக, கட்டம் கட்டமாக அழகாக இருக்கும். ஆனால் ஒரு வேலையின் எல்லா விவரங்களும் அதில் வராது. ஏஜென்ட்டுக்கு அது வேண்டாம். எக்ஸ்போர்ட் என்று ஒரு கமாண்ட் இருக்கிறது. அதைக் கொடுத்தால் ஒவ்வொரு வேலையின் முழு விவரமும் ஜேசான் வடிவத்தில், எது பெயர், எது கெடு, எது அடையாளம் என்று தலைப்போடு வந்துவிடும். 'பட்டியலைப் படிக்க இதை மட்டும் பயன்படுத்து' என்று ஒரு வரி எழுதினால் போதும்.

மூன்றாவது, எங்கே கேள்வி கேட்கும் என்பது. ஒரு வேலையை அழிக்கச் சொன்னால் டாஸ்க்வாரியர் 'நிச்சயமாகவா?' என்று கேட்டு நிற்கும். ஒரே அடியில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வேலைகளை மாற்றினாலும் கேட்கும். மனிதன் என்றால் யோசித்துப் பதில் சொல்வான். ஏஜென்ட் அங்கே பதில் தெரியாமல் தொங்கிக்கொண்டு நிற்கலாம். அல்லது கேள்வியே வராமல் அணைத்து வைக்கும் வழியைத் தேடலாம். அப்படி ஒரு செட்டிங்கும் இருக்கிறது! ஆகவே, 'அழிக்காதே, கேள்வி கேட்பதை அணைக்காதே, கேள்வி வந்தால் எங்களிடம் கொண்டு வா' என்று எழுத வேண்டும்.

நான்காவது, தேதி. 03/04 என்று எழுதினால் மார்ச் நான்கா, ஏப்ரல் மூன்றா? நமக்கு ஏப்ரல். அமெரிக்கக்காரருக்கு மார்ச். ஏஜென்ட் இரண்டு பழக்கத்தையும் படித்து வளர்ந்தது. வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டால் வம்பே இல்லை.

ஐந்தாவது, எந்தப் பதிப்பு என்பது. டாஸ்க்வாரியரின் பழைய பதிப்புகள் பட்டியலைச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் வைத்திருந்தன. 2024-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அது டேட்டாபேஸுக்கு மாறிவிட்டது. ஏஜென்ட் கற்றுக்கொண்ட எழுத்துகளில் பழைய காலத்துக் குறிப்புகளும் ஏராளம். அது பாட்டுக்கு இல்லாத ஃபைலைத் தேடி அலையும். 'இங்கே இருப்பது இந்தப் பதிப்பு' என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆறாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 'முடிந்தது' என்றால் என்ன? மென்பொருளுக்கு அது ஒரு சொல். நமக்கு? ரிலே சோதனை என்றால், மீட்டர் வைத்துப் பார்த்து, ரீடிங் எழுதி, இரண்டாவது ஆள் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் முடிந்தது. இது எந்த மேனுவலிலும் இருக்காது. ஏனென்றால் இது நம்ம பேட்ச்சின் சட்டம், நம்ம லேப்பின் வழக்கம். இதை நாம்தான் எழுத வேண்டும்.

இந்த ஆறும் சேர்ந்து ஒரே பக்கம்தான். அதற்கு மேல் போகவும் கூடாது. ஏஜென்ட் ஒரே சமயத்தில் படித்து வைத்துக்கொள்ளக் கூடியதற்கு ஓர் அளவு உண்டு. நூறு பக்கத்தைத் திணித்தால் முக்கியமான வரி கூட்டத்தில் காணாமல் போய்விடும். நாம் தேர்வுக்கு முந்தைய இரவு படிப்பது போலத்தான்!

இதெல்லாம் ஏதோ எங்கள் லேப்பின் கவலை என்று எண்ணிவிடாதீர்கள். உலகம் முழுக்க இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு மென்பொருளும் தன்னிடம் என்னென்ன கருவிகள் உண்டு, ஒவ்வொன்றும் என்ன செய்யும், அதற்கு என்னென்ன தர வேண்டும் என்று ஏஜென்ட்டுக்கு ஒரே முறையில் எடுத்துச் சொல்ல, மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொது விதிமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. பிராஜெக்ட் ஃபோல்டரிலேயே ஏஜென்ட்டுக்கென்று ஒரு குறிப்பு வைக்கும் ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற வழக்கம் 2025-இல் பரவியது. அதே 2025-இல் ஸ்டீவ் யெக்கி என்ற மென்பொருள் பொறியாளர், ஏஜென்ட்டுகள் பயன்படுத்துவதற்கென்றே பீட்ஸ் என்ற வேலைப் பட்டியல் கருவியை வெளியிட்டார். எந்த வேலைக்கு எது தடையாக இருக்கிறது, இப்போது கையில் எடுக்கத் தயாராக இருப்பது எது என்பதை அதில் ஒரே கமாண்டில் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் என்னைக் கவர்ந்தது இவற்றைவிடப் பழைய ஒன்று. பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் உருவாக்கியபோது அதற்கு ஒரு மேனுவல் எழுதினார்கள். முதல் பதிப்பின் தேதி 1971 நவம்பர் 3. ஒவ்வொரு கமாண்டுக்கும் பெயர், எப்படி அடிப்பது, என்ன செய்யும் என்று சொல்லிவிட்டு, 'பக்ஸ்' என்று ஒரு தலைப்பு. அதாவது, இந்த கமாண்டில் உள்ள கோளாறு என்ன என்று செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்! நம் ரெக்கார்டு நோட்டில் யாராவது 'இந்தச் சோதனையில் எங்களுக்கு வந்த தவறு' என்று ஒரு வரி எழுதியதுண்டா? எழுதினால் சார் கையெழுத்துப் போடுவாரோ மாட்டாரோ என்று பயந்து, சீனியர் நோட்டில் இருக்கும் ரீடிங்கையே அல்லவா இறக்கி வைக்கிறோம்?

இப்போது மாற்றுக் கருத்துக்கு வருகிறேன். என் நண்பன் ஒருவன் கேட்டான்: "மச்சி, நீ ஏன் உட்கார்ந்து எழுதிட்டு இருக்க? அந்த ஏஜென்ட்டையே எழுதச் சொல்லேன், ரெண்டு நிமிஷத்துல எழுதிடும்." உண்மைதான், எழுதிவிடும். கமாண்டுகளையும் அவற்றின் விளக்கத்தையும் நம்மைவிட நன்றாகவே தொகுத்துத் தரும். நாங்களும் முதல் ஐந்து விஷயங்களில் அதன் உதவியை வாங்கினோம், வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறாவது விஷயம் அதற்கு எப்படித் தெரியும்? மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் முடிந்தது என்பது எங்கள் ஐந்து பேர் தலையில் இருந்தது. ஒருவர்கூட வாய் திறந்து சொன்னதில்லை. நம் தலைக்குள் இருப்பதை நாம் இறக்கி வைக்காமல், எவ்வளவு பெரிய ஏ.ஐ. வந்தாலும் எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு நண்பர் சொன்னது இதைவிடக் கனமானது. "எழுதி வெச்சா மட்டும் அது கேட்டுடுமா? சில சமயம் எழுதினதையும் மீறுதே." இதற்கு நான் மழுப்பப் போவதில்லை. மீறும். குறிப்பு என்பது வழிகாட்டிப் பலகை, பூட்டு ஆகாது. அதிலும் வேலைப் பட்டியலில் ஒரு விசேஷ ஆபத்து இருக்கிறது. பட்டியலில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். யாரோ ஒருவர் வேலைக் குறிப்பில், 'மற்ற வேலைகளையெல்லாம் அழித்துவிடு' என்று விளையாட்டாகவோ வேண்டுமென்றோ எழுதி வைத்தால், ஏஜென்ட் அதையும் நம் கட்டளை என்று எடுத்துக்கொள்ளக் கூடும். 'பட்டியலில் உள்ளது தகவல்தான், கட்டளை ஆகாது' என்று குறிப்பில் எழுத வேண்டும். அதோடு நிற்காமல், அழிக்கும் அனுமதியையே ஏஜென்ட்டுக்குக் கொடுக்காமல் வைக்க வேண்டும். 230 வோல்ட் லைனில் 'தொடாதே' என்று போர்டும் வைக்கிறோம், ஃபியூஸும் போடுகிறோம் அல்லவா? போர்டு இருக்கிறதென்று ஃபியூஸை விட்டுவிடுகிறோமா? ஃபியூஸ் இருக்கிறதென்று போர்டைக் கழற்றுகிறோமா? இரண்டும் வேண்டும்.

மூன்றாவதாக ஒரு முணுமுணுப்பு உண்டு. அதுதான் எனக்கு வருத்தம். "டாக்குமென்டேஷன் எல்லாம் கிளார்க் வேலை. இன்ஜினியர் டிசைன் பண்ணுவான், டிப்ளமா படிச்சவன் கையால வேலை செய்வான், எழுதறதுக்கு வேற ஆள் இருக்காங்க." இப்படிச் சொல்லிச் சொல்லியே நம்மை நாமே கீழே வைத்துக்கொள்கிறோம். மெஷின் எங்கே மக்கர் பண்ணும், எந்த வால்வை எந்த வரிசையில் திறக்க வேண்டும், எந்தச் சோதனையைத் தாண்டக் கூடாது என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? பக்கத்தில் நின்று வேலை செய்தவனுக்குத்தான் தெரியும். அதை அவன் எழுதாவிட்டால், தெரியாத ஒருவர் எழுதுவார். அவர் எழுதியதை ஏஜென்ட் படித்து நடக்கும். அது தவறாக நடக்கும்போது, போர்டு பக்கத்தில் நிற்பது யார்? நாம்தான்!

நாளைக்கு நாம் வேலைக்குப் போகும் இடத்தில் வேலைச் சீட்டு கொடுப்பது ஒரு மென்பொருளாகவும், அதைப் பிரித்து அனுப்புவது ஒரு ஏஜென்ட்டாகவும் இருக்கலாம். 'சோதனை முடிந்தது' என்று பட்டியல் சொல்வதை நம்பி ஒருவன் லைனில் கை வைப்பான். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் உண்மையாகவே ஒரு மீட்டர் ரீடிங் இருக்கிறதா, இல்லையா? இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு இருக்கிறது. உரிமைக்குக் குரல் கொடுப்பதுதானே நம் மாணவர் பேரவையின் வேலை!

ஆகவே பேரவைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். செலவு ஒரு பைசா கிடையாது. இனி ஒவ்வொரு பிராஜெக்ட் பேட்ச்சும், தான் பயன்படுத்தும் கருவிக்கோ மென்பொருளுக்கோ ஒரே ஒரு பக்கம் குறிப்பு எழுதட்டும். கடைசியில் யூனிக்ஸ் மேனுவல் மாதிரி, 'எங்களுக்கு வந்த தவறு' என்று ஒரு பகுதி கட்டாயம். எழுதியதை முதலில் ஒரு முதலாமாண்டு மாணவரிடம் கொடுங்கள். பக்கத்தில் நின்று வாயால் ஒன்றும் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். பிறகு ஏஜென்ட்டிடம் கொடுங்கள், நிஜப் பட்டியலில் வேண்டாம், அதற்கென்று ஒரு போலிப் பட்டியல் போட்டு அதில் விட்டுப் பாருங்கள். அது தடுமாறும் வரியையும் திருத்துங்கள்.

நாங்கள் இப்படிச் செய்து பார்த்தோம். அப்போது தெரிந்தது ஓர் ஆச்சரியம். முதலாமாண்டுத் தம்பி தடுமாறிய இடமும் ஏஜென்ட் தடுமாறிய இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன! 'முடிந்தது என்றால் என்ன?' என்ற அதே வரியில்தான் இருவரும் நின்றார்கள். தம்பி கேட்டான், ஏஜென்ட் கேட்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். ஆகவே இயந்திரத்துக்கு ஒரு ஏடு, மனிதனுக்கு ஒரு ஏடு என்று தனித்தனியாக வேண்டாம். தம்பிக்குப் புரிகிற மாதிரி உண்மையாக எழுதுங்கள். ஏஜென்ட்டுக்கும் அதுவே உதவும். தவிர, இத்தனை வருஷமாக ஜூனியர்களுக்கு நாம் கொடுத்திருக்க வேண்டியதும் அந்தப் பக்கம்தானே? ஒரு மெஷினுக்காகவாவது இப்போது எழுதுகிறோம் என்றால், அதில் நமக்குக் கொஞ்சம் வெட்கமும் வர வேண்டும்.

எங்கள் ஒரு பக்கத்தை லேப் கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டுப் போகிறோம். கடைசிப் பகுதியில் முதல் வரி இதுதான்: 'பட்டியலில் முடிந்ததென்று இருந்தாலும், செய்தது யார் என்று கேள்.' அந்த வரியைச் சொன்னது எங்கள் தோழி. எழுதியது நான். அடுத்த பேட்ச்சுக்கு வந்த தவறை அதன் கீழே அவர்கள் எழுதட்டும்.

ஏடு எழுதுவோம், உண்மையாக எழுதுவோம், நம் கையாலேயே எழுதுவோம்!